பீட்டா ஓஎஸ் போடப் போறீங்களா? திரும்பி வர வழியை முதல்ல பாருங்க

புது விண்டோஸ், புது மேக்ஓஎஸ், புது உபுண்டு லினக்ஸ், எது வரப்போகுதுன்னு நியூஸ் வந்தாலும் சரி, அதோட பீட்டாவை (ஃபைனலுக்கு முன்னாடி டெஸ்ட்டுக்கு விடற வெர்ஷனை) இப்பவே போட்டுப் பாக்கலாமான்னு கேட்டு கடிதம் வர ஆரம்பிச்சிடும். இந்த இதழுக்கு வந்ததுல நிறைய கேள்வி அதைச் சுத்தியே இருக்கறதால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிட்டு இதையே முழுசா எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு லேப்டாப். காலேஜ் ப்ராஜெக்ட், ஆன்லைன் கிளாஸ், குடும்ப போட்டோ எல்லாமே அதுலதான். விண்டோஸ் இன்சைடர் வெர்ஷன்ல வந்திருக்கற புது வசதியெல்லாம் வீடியோல பாத்ததும் ஆசையா இருக்கு. இன்ஸ்டால் பண்ணலாமா?

பதில்: அந்த லேப்டாப்ல வேண்டாம். ஆசைப்படறதுல தப்பே இல்ல, ஆனா அதுக்கு வேற இடம் பாக்கணும், எங்கன்னு கீழ சொல்றேன்.

இன்சைடர்ங்கறது விண்டோஸோட பீட்டா. பீட்டான்னா கிட்டத்தட்ட முடிஞ்சது, அங்கங்க சின்னக் குறை இருக்கும், அவ்வளவுதான்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. கம்பெனிக்காரங்க அதை எதுக்கு வெளிய விடறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. உலகத்துல இருக்கற எல்லா பிரிண்டரும், எல்லா வைஃபை சிப்பும், எல்லா ஆன்டிவைரஸும் அவங்க லேப்ல இருக்காது, அதெல்லாம் புது ஓஎஸ்ஸோட சேரும்போது எங்க உடையுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் நம்ம கையில குடுக்கறாங்க. உங்க மெஷின்ல உடைஞ்சா அவங்களுக்கு ஒரு தகவல் கிடைச்சாச்சு. உங்களுக்கு நாளைக்குக் காலைல சப்மிட் பண்ண வேண்டிய ப்ராஜெக்ட் போச்சு.

பீட்டாவெல்லாம் தாண்டி வந்த வெர்ஷன்லயே எவ்வளவு பெரிய கோளாறு வரலாம்னு ஒரு உதாரணம். விண்டோஸ் 10-க்கு 2018 அக்டோபர் 2-ஆம் தேதி 1809-ங்கிற அப்டேட் வந்துச்சு. அதைப் போட்ட சிலருக்கு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்த ஃபைலெல்லாம் அழிஞ்சு போச்சு. சி டிரைவ்ல இடம் பத்தலன்னு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாத்தி வச்சிருப்பாங்க, ஆனா பழைய ஃபைல்ல கொஞ்சம் பழைய இடத்துலயே தங்கியிருக்கும். அப்டேட் அந்தப் பழைய ஃபோல்டரை வெத்து டூப்ளிகேட்னு நினைச்சு தூக்கிடுச்சு. நாலஞ்சு நாள்லயே அந்த அப்டேட்டை நிறுத்தி வச்சாங்க, சரி பண்ணி மறுபடி விட்டது நவம்பர் 13. பாதிக்கப்பட்டதா புகார் வந்தது பத்தாயிரத்துல ஒருத்தர் கணக்குதான்னு மைக்ரோசாஃப்ட் சொன்னாங்க. ஆனா அந்த ஒருத்தருக்குப் போனது முழு ஃபோல்டர். ஃபைனல்னு வெளிய விட்டதுக்கே இந்த கதின்னா டெஸ்ட் நடந்துக்கிட்டு இருக்கறப்பவே வர்றதை ஒரே லேப்டாப்ல போடச் சொல்ல எனக்கு மனசு வராது.

அப்ப எங்க போடறது? முதல் சாய்ஸ் விர்ச்சுவல் மெஷின். இப்ப இருக்கற விண்டோஸுக்குள்ளயே ஒரு சாஃப்ட்வேர் ஜன்னல்ல இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும், அதுல என்ன நாசமானாலும் வெளிய இருக்கறது அப்படியே இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024-ல இருந்து சொந்த உபயோகத்துக்கு இலவசம், விண்டோஸ் ப்ரோ எடிஷன் வச்சிருந்தா ஹைப்பர்-வி உள்ளயே இருக்கு, ஆன் பண்ணினா போதும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ங்கற செக்யூரிட்டி சிப் வேணுமேன்னு கவலைப்பட வேண்டாம், விர்ச்சுவல்பாக்ஸ் 7-லயே அதுக்கான ஏற்பாடு இருக்கு. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி டிஸ்க்கும் அதுக்குன்னு ஒதுக்கணும், அதனால மொத்தமே 8 ஜிபி ரேம் இருக்கற லேப்டாப்ல ஓடும், ஆனா இழுத்துக்கிட்டு ஓடும். இன்ஸ்டால் முடிஞ்ச உடனே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. அப்புறம் எவ்வளவு குழப்பினாலும் ஒரு கிளிக்ல அந்த நிலைக்கு வந்துடலாம். நீங்க வீடியோல பாத்த புது மெனு, புது செட்டிங்ஸ் இதெல்லாம் பாக்க இது தாராளமா போதும். பேட்டரி எவ்வளவு நிக்குது, ஸ்லீப்ல போட்டா முழிக்குதா, கிராபிக்ஸ் எப்படிங்கற மாதிரி விஷயம் மட்டும் இதுல தெரியாது, ஏன்னா அது நிஜ ஹார்டுவேரைத் தொடறதே இல்ல.

அதுவும் தெரியணும்னா சும்மா கிடக்கற பழைய மெஷின், இல்லன்னா தனியா ஒரு எஸ்எஸ்டி. ஒரே டிஸ்க்கைப் பிரிச்சு ரெண்டு ஓஎஸ்ஸும் வச்சுக்கற டூயல் பூட் போடறவங்க இருக்காங்க, நடக்கும்தான், ஆனா பார்ட்டிஷனை (டிஸ்க்கோட ஒரு பங்கை) சுருக்கறப்ப கரண்ட் போச்சுன்னாலோ இன்ஸ்டாலர் கேக்கற இடத்துல தப்பான பார்ட்டிஷனை செலக்ட் பண்ணிட்டாலோ ரெண்டு பக்கமும் போயிடும். தனி எஸ்எஸ்டி போட்டு, இன்ஸ்டால் பண்ற நேரம் மெயின் டிஸ்க்கை கழட்டி வைக்க முடிஞ்சா ராத்திரி நிம்மதியா தூங்கலாம்.

கேள்வி: என் ஃபைலெல்லாம் கிளவுட்ல தானா சிங்க் ஆகுது. அப்படியிருக்க பீட்டா போடறதுக்கு முன்னாடி தனியா பேக்கப் எடுக்கணும்னு எல்லாரும் சொல்றது எதுக்கு?

பதில்: எடுத்தே ஆகணும். இந்தப் பக்கத்துல மத்தது எதையும் படிக்கலன்னாலும் இதை மட்டும் படிச்சிடுங்க.

சிங்க்ங்கிறது கண்ணாடி மாதிரி, இந்தப் பக்கம் என்ன இருக்கோ அதுதான் அந்தப் பக்கமும் தெரியும். பீட்டால ஒரு பக் வந்து லோக்கல் ஃபோல்டர்ல இருக்கற ஃபைலை அழிச்சுட்டா, நீங்கதான் அழிச்சீங்கன்னு நினைச்சு கிளவுட்லயும் அழிச்சிடும், உங்க போன்லயும் காணாம போகும். ரீசைக்கிள் பின்ல கொஞ்ச நாள் இருக்கும்ங்கறது உண்மைதான், ஆனா போனது எதுன்னு நீங்க கவனிக்கறதுக்குள்ள அந்த நாள் தாண்டிடும். பேக்கப்ங்கிறது கம்ப்யூட்டர்ல என்ன நடந்தாலும் தான் மாறாம இருக்கற காப்பி. அதுக்கு அது கம்ப்யூட்டரோட ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

3-2-1-ன்னு ஒரு கணக்கு சொல்வாங்க. மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, அதுல ஒன்னு வேற இடத்துல. வீட்டு உபயோகத்துக்கு லேப்டாப்ல இருக்கறது ஒன்னு, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்ல ஒன்னு, கிளவுட்ல ஒன்னுன்னு வச்சாலே கணக்கு சரியாயிடும். எக்ஸ்டர்னல்ல எடுக்கறப்ப ரெண்டு வகையா எடுங்க. ஒன்னு, உங்க ஃபைலை மட்டும் சாதாரணமா காப்பி பண்றது, எந்தக் கம்ப்யூட்டர்ல சொருகினாலும் தொறக்கும். இன்னொன்னு, மொத்த டிஸ்க்கையும் அப்படியே இமேஜா எடுக்கறது. பீட்டா சொதப்பினா ஓஎஸ், சாஃப்ட்வேர், செட்டிங்ஸ் எல்லாத்தோடயும் பழைய நிலைக்கு ஒரே வேலையா திரும்ப இமேஜ்தான் கைகொடுக்கும். இமேஜ் எடுக்கற சாஃப்ட்வேர்ல ரெஸ்க்யூ மீடியான்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஒரு பென்டிரைவ்ல போட்டுக்கோங்க, ஏன்னா ஓஎஸ்ஸே பூட் ஆகலன்னா அந்த சாஃப்ட்வேரை எங்கிருந்து ஓட்டுவீங்க?

எடுத்து முடிச்சதும் பெரும்பாலானவங்க விட்டுடற வேலை ஒன்னு இருக்கு, அதுதான் எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமா படுது. அந்த எக்ஸ்டர்னல் டிரைவை வேற ஒரு கம்ப்யூட்டர்ல சொருகுங்க. பல வருஷத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஒன்னு, போன வாரம் டைப் பண்ணின டாக்குமென்ட் ஒன்னு, பெரிய வீடியோ ஒன்னு, மூணையும் தொறந்து பாருங்க. வீடியோவை நடுவுல ஓட்டிப் பாருங்க. பேர் மட்டும் இருந்து சைஸ் சைபரா காட்டற ஃபைல் இருக்கான்னு பாருங்க. கிளவுட்ல மட்டும் இருந்து லேப்டாப்ல டவுன்லோட் ஆகாம மேக ஐகான் போட்டுக்கிட்டு நிக்கற ஃபைலெல்லாம் காப்பி பண்றப்ப விட்டுப் போயிருக்க வாய்ப்பு அதிகம், அதை இந்த நேரத்துலதான் கண்டுபிடிக்க முடியும். ரெஸ்க்யூ பென்டிரைவையும் சொருகி பூட் ஆகுதான்னு ஒரு தடவை பாத்துடுங்க. எல்லாம் சரியா இருந்தா டிரைவைக் கழட்டி அலமாரில வச்சிடுங்க, பீட்டா ஓடற கம்ப்யூட்டர்ல அதைச் சொருகவே கூடாது.

அப்புறம், ஃபைல்னு கணக்குல வராததால மறந்து போற சாமான் கொஞ்சம் இருக்கு. பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டு, புக்மார்க். கம்ப்யூட்டர்லயே ஓடி லாகின் கோடு தர்ற ஆதென்டிகேட்டர் ஆப் இருந்தா அதோட பேக்கப் கோடு, இல்லன்னா மெயிலுக்குள்ளயே நுழைய முடியாம நிப்பீங்க. அவுட்லுக்ல லோக்கலா மெயில் சேந்திருக்கற பிஎஸ்டி ஃபைல். காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேரோட லைசென்ஸ் கீ, அதுலயும் சிலது இத்தனை மெஷின்லதான்னு எண்ணி வச்சிருக்கும், அதை முதல்ல டீஆக்டிவேட் பண்ணிட்டுப் போகணும், இல்லன்னா அழிஞ்சு போன இன்ஸ்டாலேஷனும் ஒரு மெஷினா கணக்குல நிக்கும்.

கேள்வி: இன்சைடர் பில்ட் போட்டு ரீஸ்டார்ட் ஆனதும் நீல ஸ்கிரீன்ல பிட்லாக்கர் ரெகவரின்னு வந்து ஏதோ கீ கேக்குது. நான் பிட்லாக்கர் எதுவும் ஆன் பண்ணவே இல்லையே?

பதில்: நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க, லேப்டாப்பே பண்ணியிருக்கும். இப்ப வர்ற நிறைய விண்டோஸ் லேப்டாப்ல, ஹோம் எடிஷனா இருந்தாலும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணின உடனே டிஸ்க்கையே பூட்டி வைக்கற டிவைஸ் என்கிரிப்ஷன் (பிட்லாக்கரோட எளிய வடிவம்) தானா ஆன் ஆயிடுது, 2024-ல வந்த விண்டோஸ் 11 24எச்2-ல இருந்து இது இன்னும் நிறைய மெஷினுக்குப் பரவிடுச்சு. லேப்டாப் திருடு போனா டேட்டா வெளிய போகாதுங்கற வகையில நல்லதுதான். ஆனா மதர்போர்டுல இருக்கற டிபிஎம் சிப், பூட் ஆகறப்ப எல்லாம் போன தடவை மாதிரியே இருக்கான்னு பாத்துத்தான் சாவியைக் குடுக்கும். பூட் சம்பந்தப்பட்ட ஃபைலோ, ஓஎஸ்ஸுக்கு முன்னாடியே ஓடற பயாஸோட செட்டிங்கோ, நம்பகமான ஓஎஸ்தான் ஏறுதான்னு பாக்கற செக்யூர் பூட்டோ மாறியிருந்தா சந்தேகப்பட்டு உங்களைக் கேக்கும். ஓஎஸ்ஸை மாத்தறவங்க அதைத்தான் தொடறாங்க.

அந்த ஸ்கிரீன்ல கீ ஐடின்னு ஒன்னு இருக்கும் பாருங்க, அதோட முதல் எட்டு எழுத்தைக் குறிச்சுக்கோங்க. போன்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் சைட்டுக்குப் போய் டிவைசஸ் பகுதில ரெகவரி கீ லிஸ்ட்டைத் தொறங்க. ஒன்னுக்கு மேல கீ இருக்கலாம், எந்த வரில அந்த எட்டு எழுத்து பொருந்துதோ அதுக்கு நேரா இருக்கறதுதான் உங்க கீ. 48 இலக்கம், ஆறாறா எட்டு கட்டா இருக்கும், ஒவ்வொரு கட்டா பாத்து டைப் பண்ணுங்க. லேப்டாப்பை முதல்முதல்ல செட்டப் பண்ணினது வேற யாராவதா இருந்தா அவங்க அக்கவுண்ட்ல இருக்கும், செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கினவங்களுக்கு இது பெரிய தலைவலி. எங்கயுமே கீ கிடைக்கலன்னா மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டாலயும் எடுத்துத் தர முடியாது, டிஸ்க்கை அழிச்சு புதுசா போடறதுதான் வழி.

இன்னும் பீட்டா போடாதவங்க இன்னைக்கே செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாத்து, கீயைப் பேப்பர்ல எழுதி வச்சிடுங்க. அந்த லேப்டாப்புக்குள்ளயே நோட்பேட்ல சேவ் பண்ணி வச்சா தேவைப்படற நேரத்துல அதைத் தொறக்கவே முடியாது.

கேள்வி: பிடிக்கலன்னா 10 நாளுக்குள்ள பழைய விண்டோஸுக்குத் திரும்பிடலாம்னு நண்பர் சொல்றார். அப்புறம் எதுக்கு இவ்வளவு பயம்?

பதில்: நண்பர் சொல்றதுல பாதி சரி. பழைய ஓஎஸ்ஸை விண்டோஸ்.ஓல்டுங்கற ஃபோல்டர்ல எடுத்து வச்சிருக்கும், செட்டிங்ஸ்ல ரெகவரிக்குள்ள கோ பேக் ஆப்ஷன் இருக்கும். 10 நாள் முடிஞ்சதும் அந்த ஃபோல்டர் தானா அழிஞ்சிடும். டிஸ்க் ஃபுல்லுன்னு சொல்லி நீங்களே டிஸ்க் கிளீனப் ஓட்டி அதை அழிச்சிட்டாலும் வழி அடைஞ்சு போச்சு. டிஸ்ம்ங்கற கமாண்ட் டூலை வச்சு இந்தக் கெடுவை 60 நாள் வரைக்கும் நீட்டலாம், ஆனா அந்த 10 நாள் முடியறதுக்குள்ளயே நீட்டணும். அந்த நாளுக்குள்ளயே ஒரு புது பில்ட், அதாவது அடுத்த பீட்டா வெளியீடு, வந்து இன்ஸ்டால் ஆச்சுன்னா கோ பேக் உங்களைக் கொண்டு போறது முந்தின பீட்டா பில்டுக்குத்தான், நீங்க விட்டுட்டு வந்த பழைய விண்டோஸுக்கு இல்ல. இதைத்தான் யாரும் சொல்றதில்ல. திரும்பறப்ப நடுவுல இன்ஸ்டால் பண்ணின சாஃப்ட்வேரும் போயிடும். அதுக்கும் மேல, கோ பேக் வேலை செய்யணும்னா விண்டோஸ் உயிரோட இருக்கணும், இல்லன்னா ரெகவரி ஸ்கிரீனாவது வரணும்.

இன்சைடர்ல எந்த சேனல்ல, அதாவது பீட்டா வர்ற எந்த வரிசைல, சேர்றீங்கங்கறதும் ரொம்ப முக்கியம். 2014-ல இன்சைடர் ப்ரோக்ராம் ஆரம்பிச்சதுல இருந்து சேனல் பேரெல்லாம் மாத்திக்கிட்டே இருக்காங்க, 2023-ல கேனரின்னு ஒன்னைச் சேத்தாங்க, அதனால பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க, இந்த சேனல்ல இருந்து ரீஇன்ஸ்டால் பண்ணாம வெளிய வர முடியுமான்னு மைக்ரோசாஃப்ட் சைட்ல எழுதியிருக்கறதைப் படிங்க. பொதுவா ரிலீஸுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கற சேனல்னா ஃபைனல் வந்ததும் அப்படியே இறங்கிக்கலாம். ரொம்ப முன்னாடி ஓடற வகைல பில்ட் நம்பரே மேல போயிடறதால பொதுவா கிளீன் இன்ஸ்டால் (டிஸ்க்கை அழிச்சு புதுசா போடறது) பண்ணாம வெளிய வர முடியாது.

எக்ஸ்பைரி தேதியும் உண்டு. ஸ்டார்ட்ல வின்வெர்னு டைப் பண்ணினா வர்ற சின்ன ஜன்னல்ல உங்க பில்ட் எந்த நாள் காலாவதியாகுதுன்னு போட்டிருக்கும். இது இன்னைக்கு நேத்து வழக்கம் இல்ல, ஆப்பிள் 2000 செப்டம்பர்ல மேக் ஓஎஸ் எக்ஸ் பப்ளிக் பீட்டாவை 29.95 டாலருக்கு வித்தாங்க, காசு குடுத்து வாங்கினதுதான், ஆனாலும் 2001 மே மாசத்தோட அது காலாவதி ஆயிடுச்சு. அதனால பீட்டாவைப் போட்டுட்டு மாசக்கணக்கா அப்டேட் பண்ணாம மறந்துடற பழக்கம் ஆகாது.

கேள்வி: மேக்ல பீட்டா போட தனி டிஸ்க் வேணுமா?

பதில்: வேண்டாம், அந்த விஷயத்துல மேக் வசதி. டிஸ்க் யூட்டிலிட்டில ஏபிஎஃப்எஸ் வால்யூம் (டிஸ்க்குக்குள்ளயே தனி டிஸ்க் மாதிரி ஒரு பகுதி) புதுசா ஒன்னு ஆட் பண்ணி பீட்டாவை அதுல போடலாம், இடத்தை முன்கூட்டியே பிரிச்சு ஒதுக்க வேண்டியதில்ல, ரெண்டும் இருக்கற இடத்தைப் பகிர்ந்துக்கும். சலிச்சுப் போனா அந்த வால்யூமை மட்டும் டிலீட் பண்ணிடலாம். டெவலப்பர் பீட்டா ஜூன்ல வரும், பப்ளிக் பீட்டா வழக்கமா அதுக்கு ஒரு மாசம் கழிச்சு. 2023-ல இருந்து டெவலப்பர் பீட்டாவும் இலவசமாயிட்டதால முதல் நாளே போட்டுடறாங்க. பப்ளிக் பீட்டா வர்ற வரைக்கும் பொறுக்கறதுதான் என் கட்சி.

மேக்கோட டிஸ்க் என்கிரிப்ஷனான ஃபைல்வால்ட் ஆன்ல இருந்தா பீட்டால லாகின் ஆனதும் உங்க மெயின் டிஸ்க்கோட பாஸ்வேர்டைக் கேக்கும், கேன்சல் குடுங்க. அன்லாக் பண்ணாத டிஸ்க்கை பீட்டாவால தொட முடியாது. மேக்கோட பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு வச்சிருக்கற டிரைவையும் பீட்டாக்குக் காட்டாதீங்க, புது ஓஎஸ் எடுத்த பேக்கப்பை பழைய ஓஎஸ்ல முழுசா ரீஸ்டோர் பண்ண முடியாம போகலாம்.

மேக்ல நிஜமா பயப்பட வேண்டியது ஒருவழிப் பாதையா நடக்கற மாற்றத்துக்கு. போட்டோஸ் லைப்ரரியைப் புது வெர்ஷன்ல ஒரு தடவை தொறந்துட்டா அது உள்ளுக்குள்ள புது ஃபார்மேட்டுக்கு மாறிடும், அப்புறம் பழைய போட்டோஸ் ஆப்ல தொறக்காது. ஐகிளவுட்ல நடக்கறது இன்னும் மோசம், ஏன்னா அது ஒரு மெஷினோட நிக்காது. 2019-ல மேக்ஓஎஸ் காட்டலினாவும் ஐஓஎஸ் 13-ம் வந்தப்ப ரிமைண்டர்ஸை அப்கிரேட் பண்ணினவங்களுக்கு, பழைய ஓஎஸ்ல இருந்த அவங்களோட இன்னொரு மேக்ல அந்த லிஸ்ட் சிங்க் ஆகல. அதனால பீட்டா வால்யூம்ல உங்க மெயின் ஆப்பிள் ஐடியைப் போடாதீங்க. தனியா ஒன்னு உருவாக்கிக்கோங்க, இல்லன்னா ஐகிளவுட்ல போட்டோஸ், நோட்ஸ், ரிமைண்டர்ஸ் மூணையும் ஆஃப் பண்ணிட்டு மேல போங்க.

கேள்வி: லினக்ஸ் பீட்டா பத்தி யாருமே பயமுறுத்தலையே, அது சேஃப்தானா?

பதில்: உபுண்டுவைப் பொறுத்தவரை ஏப்ரல், அக்டோபர் ரிலீஸுக்குச் சில வாரம் முன்னாடி வர்ற பீட்டா ஓரளவு நல்லாவே இருக்கும், போட்டுட்டு வழக்கமா அப்டேட் பண்ணிக்கிட்டே வந்தா ஃபைனலா மாறிடும், தனியா ரீஇன்ஸ்டால் கிடையாது. ஆனா சேஃப்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்ல மாட்டேன். 2017 டிசம்பர்ல உபுண்டு 17.10-ஓட டவுன்லோடையே நிறுத்தி வச்சாங்க, ஓஎஸ்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல இருந்த ஒரு இன்டெல் டிரைவர் சில லேப்டாப்ல பயாஸையே கெடுத்துடுச்சுன்னு. டிஸ்க்கை அழிச்சு திரும்பப் போட்டாலும் தீராத பிரச்சினை அது, ஏன்னா கெட்டது டிஸ்க் இல்ல, மதர்போர்டுல இருக்கற சிப். பயாஸ் மாதிரி சிப்புல பதிஞ்சிருக்கற ஃபர்ம்வேரைத் தொடற கோளாறுக்கு எந்த பேக்கப்பும் மருந்தில்ல. எங்கிட்ட இருக்கறது ஒரே மெஷின்னு சொல்றவங்களை நான் தடுக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்னு 2024 மார்ச்ல நடந்தது. எக்ஸ்இசட்ங்கற கம்ப்ரஷன் சாஃப்ட்வேர்ல யாரோ திட்டம் போட்டு ஒரு பேக்டோரை (வெளியாள் திருட்டுத்தனமா நுழையற வழியை) நுழைச்சிருந்தாங்க. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்ங்கற இன்ஜினியர், தூரத்துல இருக்கற கம்ப்யூட்டருக்குள்ள போற எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தை விட அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு நோண்டப் போய் அதைக் கண்டுபிடிச்சார். அது அப்ப வந்து சேந்திருந்தது டெபியன் டெஸ்டிங், ஃபெடோரா ராஹைட் மாதிரி லினக்ஸ் முன்னோட்ட வெர்ஷன்லதான், டெபியன் ஸ்டேபிள் வச்சிருந்தவங்களுக்கு ஒன்னும் ஆகல. உபுண்டு 24.04 பீட்டாவையே அதுக்காக ஒரு வாரம் தள்ளி வச்சாங்க. புதுசு முதல்ல வர்ற இடத்துக்கு விஷமும் முதல்ல வரும். அதனால பீட்டா மெஷின்ல பேங்க் லாகின், வேலை செய்யற சர்வரோட எஸ்எஸ்எச் கீ, மெயின் மெயில் ஐடி இதெல்லாம் வேண்டவே வேண்டாம். இது விண்டோஸுக்கும் மேக்குக்கும் சேத்துத்தான்.

கேள்வி: டெலிகிராம் குரூப்ல லேட்டஸ்ட் விண்டோஸ் பீட்டா ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) கிடைச்சிருக்கு, டிராக்கிங் எல்லாம் எடுத்துட்டதா போட்டிருக்காங்க. போடலாமா?

பதில்: கூடாது. ஓஎஸ்ஸை மாத்தத் தெரிஞ்சவருக்கு அதுல நீங்க டைப் பண்றதைத் திருடற கீலாகரை வைக்கவும் தெரியும், உங்களால கண்டுபிடிக்க முடியாது. மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், உபுண்டு மூணுமே பீட்டாவைச் சொந்த சைட்லயே இலவசமா தர்றாங்க. அங்க எடுத்த ஐஎஸ்ஓவுக்கும், எஸ்எச்ஏ-256 நம்பர் (ஃபைல் மாறாம வந்திருக்கான்னு காட்டற கைரேகை மாதிரி) குடுத்திருந்தா ஒப்பிட்டுப் பாத்துட்டு போடுங்க, பாதில அறுந்த டவுன்லோடும் அதுல தெரிஞ்சிடும்.

கேள்வி: ஆபீஸ் லேப்டாப்ல?

பதில்: உங்க ஐடி டிபார்ட்மெண்ட் எழுத்துல ஓகே சொன்னா மட்டும். இன்சைடர் ப்ரோக்ராம்ல சேரணும்னா ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டாவை அனுப்பறதுக்கு ஒத்துக்கணும், கிராஷ் ஆகறப்ப தொறந்திருந்த டாக்குமென்டோட ஒரு பகுதி கூட அந்த ரிப்போர்ட்ல போகலாம். அது கம்பெனியோட டேட்டா, சரின்னு சொல்ல வேண்டியவர் நீங்க இல்ல. விபிஎன்னும் செக்யூரிட்டி சாஃப்ட்வேரும் கெர்னல் வரைக்கும் போய் உக்கார்ற ஜாதி, புது ஓஎஸ்ல முதல்ல மக்கர் பண்றதும் அதுங்கதான்.

கேள்வி: நீங்க சொல்ற மாதிரி பழைய மெஷின்ல போட்டு மாசக்கணக்கா ஓட்டறேன், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இனிமே கவனிக்க என்ன இருக்கு?

பதில்: ஒவ்வொரு பில்டுக்கும் ரிலீஸ் நோட்ஸ்ல நோன் இஷ்யூஸ்னு (ஏற்கனவே தெரிஞ்ச குறைகள்) ஒரு பகுதி இருக்கும், அப்டேட் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. உங்க மெஷின்ல இருக்கற ஹார்டுவேர் பேரோ, நீங்க ஆடற கேம்ல ஏமாத்தறதைத் தடுக்கற ஆன்டி-சீட் சாஃப்ட்வேர் பேரோ அதுல வந்தா அந்த பில்டைத் தள்ளிப் போடுங்க. வேற யாராவது போட்டுப் பாத்து எழுதறதுக்கு ரெண்டு மூணு நாள் விட்டாலும் நஷ்டமில்ல.

பக் பாத்தா தயவுசெஞ்சு எழுதி அனுப்புங்க. என்ன பண்ணினீங்க, என்ன நடக்கும்னு எதிர்பாத்தீங்க, என்ன நடந்துச்சு, பில்ட் நம்பர் என்ன, இது நாலும் இருந்தா போதும். முதல் பதில்ல சொன்னேனே 1809, ஃபைல் அழியுதுன்னு அது வெளிய வர்றதுக்கு முன்னாடியே இன்சைடர்ஸ் சிலர் மைக்ரோசாஃப்ட்டுக்குப் புகார் எழுதற ஆப்பான ஃபீட்பேக் ஹப்ல எழுதித்தான் இருந்தாங்க. ஓட்டு கம்மியா விழுந்ததால அது யார் கண்ணுலயும் படல. அதுக்கப்புறம்தான் பிரச்சினை எவ்வளவு தீவிரம்னு குறிக்கற ஒரு ஆப்ஷனை அதுல சேத்தாங்க. டேட்டா போற மாதிரி எது பாத்தாலும் அந்த இடத்துல தயங்காம உச்சத்துல குறிங்க, அதே பக்கை வேறொருத்தர் ஏற்கனவே எழுதியிருந்தா புதுசா ஒன்னு போடாம அவர் எழுதினதுக்கு ஓட்டுப் போடுங்க.

இன்னொன்னு, எப்ப இறங்கறதுங்கறதை இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. நீங்க ஓட்டற வெர்ஷனோட ஃபைனல் வர்ற சமயத்துல கொஞ்ச நாளைக்கு பீட்டாவும் ஃபைனலும் ஒன்னா நிக்கும், அப்ப வெளிய வந்தா எதுவும் அழியாது. விண்டோஸ்ல இன்சைடர் ப்ரோக்ராம் பக்கத்துல, அடுத்த வெர்ஷன் ரிலீஸ் ஆனதும் இந்த டிவைஸை விடுவிக்கச் சொல்ற ஸ்விட்ச் இருந்தா முன்னாடியே ஆன் பண்ணி வைக்கலாம். மேக்ல சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்துல பீட்டா அப்டேட்ஸுக்குப் பக்கத்துல இருக்கற ஐ-யை அமுக்கி ஆஃப்னு மாத்தணும். அந்த நாளைத் தவற விட்டீங்கன்னா அடுத்த வெர்ஷனோட முதல் பில்ட் தானா இறங்க ஆரம்பிச்சிடும், அது வந்து உக்காந்ததுக்கு அப்புறம் கிளீன் இன்ஸ்டால்தான்.